நான் படித்தது பொய்யில்லை, முனி

ரோதைமுனியை நம்பி விளக்கேற்றுகிற என் சொந்தங்களுக்கு, ஹாலிஎலயிலிருந்து பத்மா எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் என்னை எழுந்து நின்று சொல்லச் சொன்னீர்கள். நின்றேன். வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். அதனால் இப்போது எழுதித் தருகிறேன். யாராவது சத்தமாக வாசியுங்கள். நான் பின்னால் தூணுக்குப் பக்கத்தில் இருப்பேன், என்னைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

எனக்கு நடந்தது இதுதான். நான் கள்ளச் சான்றிதழ் காட்டியவள் என்று சந்தேகப்பட்டுக் கனடாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில், தேநீர் குடிக்கிற அறையில் நின்றுகொண்டு அதைப் போனில் வாசித்தேன். ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். 'உங்கள் உறை திறக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டதற்கான அடையாளங்கள் உள்ளன. முத்திரையின் மேல் ஏதோ பூசப்பட்டிருக்கிறது. இதற்கு விளக்கம் தர வேண்டும். பல்கலைக்கழகம் புதிய மதிப்பெண் பட்டியலை நேரடியாக எங்களுக்கு அனுப்ப வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் இரண்டும் வராவிட்டால் உங்கள் கோப்பு மூடப்படும், சம்பந்தப்பட்ட இடங்களுக்கும் அறிவிக்கப்படும்.' கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன். கோப்பையைக் கீழே வைத்தேன். தேநீர் கையில் சிந்தியிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் பிறந்தது மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில். அம்மா கொழுந்து பறித்தவர். அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், ரோலர் மெஷினில் வேலை செய்தார். அவர் இப்போது உயிரோடு இல்லை. எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்துத் தமிழ்நாட்டில் திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாதியர் பட்டம் படித்தேன். திரும்பி வந்து பதுளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. கல்யாணம் முடிந்தது. வீட்டுக்காரர் சந்திரன் ஹாலிஎலயில் த்ரீவீலர் ஓட்டுகிறார். ஒரு மகள்.

கனடாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் நான் படித்த பட்டம் அவர்கள் நாட்டுப் படிப்புக்குச் சமமா என்று பார்த்துச் சொல்ல அங்கே தனியாக ஒரு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் சரி என்றால்தான் மற்றது எல்லாம். அதற்குக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ மதிப்பெண் பட்டியலை ஒரு உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின வாயின் மேல் முத்திரை குத்தித் தரும். அதை நாம் பிரிக்காமல் அப்படியே அனுப்ப வேண்டும். பிரித்தால் செல்லாது. என்னோடு படித்த ஜோதி திருச்சியில் இருக்கிறாள். அவள்தான் அலைந்து உறையை வாங்கி எனக்கு அனுப்பினாள்.

உறை கைக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சாமிகிட்ட வைக்காம அனுப்பிறாத புள்ள. கொண்டாந்து குடு, நான் வச்சுத் தாறேன்" என்றார். அதில் எனக்கும் சந்தோஷம்தான். நம் ஸ்டோர் வாசலில் இருக்கிற ரோதைமுனியைத்தானே அப்பா காலமெல்லாம் கும்பிட்டார்? ரோதை என்றால் சக்கரம். மெஷின் சக்கரத்துக்குள் யார் கையும் போய்விடாமல் காக்கிற சாமி. கர்ப்பூரம் காட்டாமல் அப்பா ஒரு நாளும் மெஷினைத் தொட்டதில்லை. எனக்கு டியூட்டி இருந்ததால் உறையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவே பஸ்ஸில் கொண்டுவந்து தந்தார். நாலு மூலையிலும் மஞ்சளும் சந்தனமும் இருந்தது. மூலைகளைத் துணியால் ஒற்றித் துடைத்தேன். முத்திரைப் பக்கம் லேசாகக் கறை இருந்தது. ஆனால் வாய் நல்ல இறுக்கமாக ஒட்டியிருந்தது. அதைத் தடவிப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் வேறு. மறுநாளே கனடாவுக்கு அனுப்பினேன்.

மின்னஞ்சலைப் பார்த்த அன்று வார்டு வராந்தாவில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அந்தக் கவரை என்ன செஞ்சீங்க?"

"என்ன செஞ்சேன்? முனிகிட்ட வச்சேன். பூசாரி சந்தனம் வச்சாரு."

"எங்கெங்க வச்சாரு?"

"நாலு மூலையிலயும். பொறகு அந்த ரவுண்டா சீல் இருந்துச்சே, அது மேல நல்லா அப்பி வைக்கச் சொன்னேன். அதானே முக்கியமான எடம்?"

"பொறகு?"

"சந்தனம் ஊறி அந்த வாயி லேசாத் தொறந்துக்கிச்சு. உள்ள இருக்கறது விழுந்துறப் போவுதேன்னு வீட்டுக்கு வந்து நாலு சோத்துப் பருக்கைய வச்சு அமுக்கி ஒட்டிட்டேன். நல்லா ஒட்டிக்கிச்சு. ஏன் புள்ள?"

சோற்றுப் பருக்கை! எங்கள் லயத்தில் பள்ளிக்கூடக் கொப்பி கிழிந்தாலும் பருக்கைதான், கலண்டர் ஒட்டவும் பருக்கைதான். அம்மாவுக்கு அது தப்பு என்று எப்படித் தெரியும்? ஆனால் அன்று எனக்கு அந்த நிதானம் இல்லை. "ஒங்களுக்கு அறிவிருக்காம்மா? என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. அம்மா என்னோடு சரியாகப் பேசியது அதற்குப் பிறகு வெகு நாள் கழித்துத்தான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எதற்கும் சிரிக்கிற மனிதர். "அப்ப கனடாக்காரனுக்கு முனி பிரசாதம் போயிருக்குன்னு சொல்லு" என்றார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

என்னைப் பிடித்த பயத்தை எப்படி எழுதுவது? இயல்பாகவே நான் பயந்தாங்கொள்ளி. ஊசி போடுகிற தாதிக்குப் பல்லி என்றால் பயம் என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் கேலி செய்வார்கள். ஆனால் இது வேறு பயம். சம்பந்தப்பட்ட இடங்களுக்கு அறிவிப்போம் என்றால் எந்த இடங்கள்? என் ஆஸ்பத்திரிக்கா? தாதியர் பதிவு செய்கிற இடத்துக்கா? பொலிசுக்கா? மேட்ரன் என்னைக் கூப்பிடுகிற போதெல்லாம் அதற்காகத்தான் என்று நினைத்தேன். வீதியில் பொலிஸ் ஜீப் நின்றால் மற்றப் பக்கமாகப் போனேன். ஒரு நோயாளிக்கு ஊசி போடப் போனவள், பக்கத்தில் நின்ற தாதிப் பிள்ளையைப் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். போலிச் சான்றிதழோடு யாரோ பிடிபட்டதாகப் பத்திரிகையில் வந்தால் அந்தப் பெயரின் இடத்தில் என் பெயரை வைத்து வாசித்துப் பார்ப்பேன். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'கள்ளி மகள்' என்று சொல்வார்களோ என்று நினைத்து, அவள் தலை வாரும்போதே கண் கலங்கும். சோறு இறங்கவில்லை. கனடா எல்லாம் மனதை விட்டே போய்விட்டது. நான் உழைத்துப் படித்த படிப்பைக் கள்ளப் படிப்பு என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம் ஒன்றுதான் இருந்தது.

முனி மேலும் கோபம். ஆமாம், எழுதுகிறேன், மறைக்க மாட்டேன். 'உன் சந்தனம்தானே! நல்லது நடக்கட்டும் என்றுதானே உன்னிடம் வைத்தோம்! நீயே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாயே!' வீட்டில் விளக்கேற்றுவதை நிறுத்தினேன். கோயில் பக்கமும் வரவில்லை. உங்களில் சிலர் "பத்மாவைக் காணோமே" என்று கேட்டீர்கள். டியூட்டி என்று சொன்னேன்.

விளக்கம் எழுத வேண்டுமே. பதுளையில் இப்படியான விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மிஸ், சோறு, சந்தனம், சாமின்னு எல்லாம் எழுதிறாதீங்க. வெள்ளக்காரன் சிரிப்பான். கூரியர்ல வரும்போது மழையில நனைஞ்சிருச்சுன்னு ஒரே வரி எழுதுங்க. இங்க எல்லாரும் அப்படித்தான் எழுதுறது" என்றார். அவரே கணினியில் அழகாக அடித்துக் காட்டினார். வாசிக்க நன்றாக இருந்தது. அனுப்பட்டுமா என்று கேட்டார்.

எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. முனி காவல் இருக்கிற மெஷினில் நின்றுகொண்டு பொய் சொன்னால் கை உள்ளே போய்விடும் என்பார் அவர். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. சாமி மேல் கோபம் இருந்தது உண்மை. ஆனால் அவர் சந்தனத்தை மழை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. "வேணாங்க, அழிச்சிருங்க" என்றேன். அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு நானே உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். என் அம்மா தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி, எங்கள் வழக்கப்படி சாமியிடம் வைத்துச் சந்தனம் பூசினார், அதனால் ஒட்டு விட்டது, சோற்றால் மறுபடி ஒட்டினார், உள்ளே இருந்ததை யாரும் தொடவில்லை. இதை வாசித்துவிட்டு என்னை நேர்மையானவள் என்று யாரும் புகழ வேண்டாம். பயந்துபோய்த்தான் உண்மையை எழுதினேன்.

அடுத்தது பல்கலைக்கழகம். ஜோதி விண்ணப்பப் படிவத்தைப் போனில் அனுப்பினாள். நான் அச்செடுத்து, நிரப்பி, கையெழுத்துப் போட்டு, படமெடுத்துத் திருப்பி அனுப்பினேன். அவள் அதை அச்செடுத்துத் தன் விலாசத்தோடு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். இனிப் பயமில்லை, அவர்கள் நேரடியாக அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் சோறு சாப்பிட்டேன்.

ஒரு வாரம் போனது. ஜோதி கூப்பிட்டாள். அவள் குரலே சரியில்லை.

"பத்மா, நீ பதட்டப்படாம கேளுடி. ஆபீஸ்ல உன் பேரு இல்லங்கறாங்க."

"என்னடி சொல்ற? இல்லன்னா?"

"நம்ம பேட்ச் லிஸ்ட்ல என் பேரு இருக்கு, எல்லார் பேரும் இருக்கு. உன் பேரு மட்டும் இல்ல. ரெண்டு தடவ பாத்துட்டாங்களாம். நம்ம காலேஜ் இப்ப வேற பல்கலைக்கழகத்தோட சேர்ந்துருச்சுல்ல, பழசெல்லாம் மாத்தி மாத்தி வச்சிருக்காங்க. இந்த வெள்ளிக்கிழமை வந்தா 'பதிவு இல்லை'ன்னு எழுதித் தர்றாங்களாம்."

பதிவு இல்லை. அந்தக் கடிதம் கனடாவுக்குப் போனால் என் கதை முடிந்தது. சந்தனம், சோறு என்று நான் எழுதியதெல்லாம் கள்ளி ஜோடித்த கதையாகிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "முதல்ல குடுத்த கவரை எப்படிடி குடுத்தாங்க அப்ப?" என்று கேட்டேன். அதைக் கல்லூரியில் கொடுத்தார்கள், இதைப் பல்கலைக்கழகத்தில் பார்க்கிறார்கள் என்றாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

அதற்குப் பிறகு எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது என்றால் நம்புவீர்களா? பட்டச் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்திரையை விரலால் தடவினேன். விடுதிப் படங்களை எடுத்து அதில் நிற்பது நான்தானா என்று பார்த்தேன். வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "நாளைக்கு லீவு போடு. மடுல்சீமைக்குப் போவோம். அம்மாவ கூட்டிக்கிட்டு முனிகிட்ட போவோம்" என்றார்.

"நான் வரமாட்டேங்க. அவர்தான் கெடுத்தாரு."

"கெடுத்தவர்கிட்டதானே போய்க் கேக்கணும்? வேற யார்கிட்ட கேப்ப?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. மகளை அவர் பார்த்துக்கொண்டார். நான் பஸ்ஸில் தனியாகப் போனேன். மடுல்சீமைப் பாதை உங்களுக்குத் தெரியும், வயிற்றில் இருப்பது வாய்க்கு வரும். அன்று அந்த வளைவுகள்கூட எனக்குத் தெரியவில்லை.

அம்மா லயத்து வாசலில் இருந்தார். மெலிந்து போயிருந்தார். நான் கத்தின நாளிலிருந்து அவரும் கோயிலுக்குப் போகவில்லையாம். வீட்டுச் சாமி படத்துக்குப் பூவைக்கூட அண்ணன் மகளை விட்டுத்தான் வைக்கச் சொல்கிறாராம், அண்ணி சொன்னார். "ஏம்மா?" என்று கேட்டேன். "என் கை ராசியில்லாத கை புள்ள. ஒன் வாழ்க்கையவே கெடுத்துருச்சு" என்றார். எனக்குத் தாங்கவில்லை. என்னைப் பெற்ற கை, கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்த கை. அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டோர் வாசலுக்குப் போனேன்.

பூசாரி இல்லை. முனி முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம். தேங்காய் வாங்கிப் போக நினைக்கவில்லை, கர்ப்பூரம்கூட இல்லை. வெறும் கையோடு நின்றேன். என்ன வேண்டுவது என்றே தெரியவில்லை. பயத்தில் பல் அடித்தது. கடைசியில் வாய்விட்டுச் சொன்னேன். "எனக்கு கனடா வேணாம் முனி. வேலையும் வேணாம். நான் படிச்சது பொய்யில்ல. அத யாராச்சும் ஒருத்தர் சொல்லணும். ஒரே ஒருத்தர். எங்கம்மா காதுல விழற மாதிரி சொல்லணும்." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. அம்மா தரையில் விழுந்து கும்பிட்டார். ஒரு அசரீரியும் கேட்கவில்லை, ஒரு பூவும் விழவில்லை. பயமும் போகவில்லை. வந்தபடியே திரும்பினோம்.

தோட்டத்துக்குள் போன் சரியாக எடுக்காது. கடைத்தெருவுக்கு இறங்கி வந்த பிறகுதான் சிக்னல் வரும். அம்மாவும் என்னை ஏற்றிவிடக் கூட வந்திருந்தார். பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது ஜோதியின் அழைப்பு வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை என்பது ஞாபகம் இருக்கிறதல்லவா, அவள் அந்த 'பதிவு இல்லை' கடிதத்தை வாங்கப் போயிருக்கிறாள்! அம்மாதான் "எடு புள்ள, எது வந்தாலும் நான் இருக்கேன்" என்றார். எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"பத்மா, ஆபீஸ்ல நிக்கிறேன். மேடம் கையெழுத்துப் போடப் போறாங்க. ஒரு தடவ நீயே பேசிப் பாருடி, எனக்கு மனசு கேக்கல" என்றாள். போன் கை மாறியது. ஒரு வயதான அம்மாவின் குரல், சலிப்போடு.

"சொல்லும்மா."

"மேடம், நான் பத்மாவதிங்க. நான் அங்கதாங்க படிச்சேன். பொய் சொல்லலைங்க. இன்னொரு தடவ பாருங்க மேடம், ஒங்களக் கும்பிடுறேன்."

"ரெண்டு தடவ பாத்தாச்சும்மா. நீ எந்த ஊரு? திருச்சியா, மணப்பாறைப் பக்கமா?"

"பதுளைங்க."

"பதுளையா? அது எந்த மாவட்டம்?"

"இலங்கைங்க மேடம்."

"இலங்கையா? நீ பேசுறது எங்க ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கேம்மா! அப்பறம் ஏன் ஃபார்ம்ல இந்திய மாணவர்னு டிக் பண்ணியிருக்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படிவத்தில் 'மாணவர் பிரிவு' என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. இந்தியர், வெளிநாட்டவர். நாம் பிறந்ததிலிருந்து இங்கே எந்தப் படிவத்தில் இனம் கேட்டாலும் எதில் அடையாளம் போடுகிறோம்? இந்தியத் தமிழர். பிறப்புச் சான்றிதழில் அப்பாவுக்கு அதுதான், எனக்கு அதுதான், என் மகளுக்கும் அதுதான். இருந்த பயத்தில் நான் எதையும் வாசிக்கவில்லை. 'இந்திய' என்று கண்டதும் கை தானாகவே போய் டிக் போட்டுவிட்டது. அதை அழுதுகொண்டே அந்த அம்மாவுக்கு விளக்கினேன். எங்கள் பாட்டன் பூட்டன் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தேயிலைக்கு வந்தவர்கள், இங்கே எங்களை எழுதுவது அப்படித்தான் மேடம் என்றேன்.

"அட ஆண்டவா! வெளிநாட்டு மாணவர்களுக்கு ரெஜிஸ்டரே வேறம்மா. அது மாடி ரூம்ல இருக்கு. லைன்லயே இரு" என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. படியேறும் சத்தம். அலுமாரி திறக்கிற சத்தம். நாங்கள் இரண்டு பேரும் கடைத்தெருவில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். என் பஸ் வந்தது, போனது. அம்மா என் சேலைத் தலைப்பைப் பிடித்த பிடி விடவில்லை.

"இருக்கும்மா!" மேடமே சந்தோஷத்தில் கத்தினார். "பத்மாவதி, தாதியர் பட்டம், எல்லா வருஷமும் பாஸ். ஃபோட்டோகூட இருக்கு. எண்ண வழிஞ்ச முகமா ஒரு புள்ள. நீதானே? நீ இங்கதாம்மா படிச்சிருக்க. யாரு இல்லன்னு சொன்னது?"

யார் இல்லை என்று சொன்னது! அவரேதான் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னவர். ஆனால் நான் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. ஒருத்தர் சொல்ல வேண்டும் என்று கேட்டேன், ஒருத்தர் சொல்லிவிட்டார். அம்மா காதில் விழ வேண்டும் என்று கேட்டேன், ஸ்பீக்கரில் விழுந்தது. முனி வாசலிலிருந்து நாங்கள் நடந்து வந்த ஈரம்கூட என் செருப்பில் காயவில்லை. நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதேன். கடைக்காரர்கள் எல்லாம் ஏதோ சாவுச் செய்தி என்று ஓடி வந்தார்கள்.

இது தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள். ஜோதிக்கு அன்று மனசு கேட்காமல் போனது ஏன்? அந்த அம்மா கையெழுத்துப் போடும் முன் ஊர் கேட்டது ஏன்? என் வீட்டுக்காரரே இதைக் கேட்டுவிட்டு, "ஊரு கேட்டது மேடம் இல்ல பத்மா" என்றார். கேலிக்காரர் வாயிலிருந்து அது வந்தது.

புதிய பட்டியல் அங்கிருந்து நேரடியாகப் போனது. ஆனாலும் பயம் விட்டதா? விடவில்லை. நான் சந்தனமும் சோறும் எழுதிய விளக்கத்தை அவர்கள் நம்ப வேண்டுமே. மின்னஞ்சல் சத்தம் கேட்டாலே துள்ளி எழுந்தேன். ஆனால் இப்போது விளக்கேற்றிவிட்டுப் பயந்தேன், அதுதான் வித்தியாசம். ஒரு நாள் காலையில் பதில் வந்தது. வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லிவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்பியதையும் உறைக்குள் இருந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். இரண்டும் ஒன்றுதானாம். என் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறார்களாம். அடுத்த மாதமே மதிப்பீட்டு அறிக்கையும் வந்தது. நான் படித்த பட்டம் அவர்கள் நாட்டுப் பட்டத்துக்குச் சமம் என்று எழுதியிருந்தது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு மடுல்சீமைக்குப் போய் அம்மாவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். சமம், வேலை, விசா என்று நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன். அவர் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப நான் கெடுக்கலையா புள்ள?"

"இல்லம்மா. நீங்க கெடுக்கல."

அவர் எழுந்து போய் முகம் கழுவினார். பிறகு அன்று அவர் கையாலேயே சாமி படத்துக்குப் பூ வைத்தார். என் பிரார்த்தனைக்கு உண்மையான பதில் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வந்தால் போவேன், வராவிட்டால் பதுளையில் ஊசி போட்டுக்கொண்டிருப்பேன். இப்போது எந்தப் படிவம் வந்தாலும் மூன்று முறை வாசித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன். உங்கள் பிள்ளைகள் வெளியே போக விண்ணப்பம் போடுகிறார்கள் என்றால் என்னிடம் அனுப்புங்கள், கூட இருந்து நிரப்பித் தருகிறேன். உறைகளை மட்டும் தயவுசெய்து சாமியிடமிருந்து தூரமாகவே வைத்துக் கும்பிடுங்கள்.

இன்னொன்று. தைரியமாகப் போய்க் கேளுங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. நான் தைரியமாகப் போனதே இல்லை. கோபத்தோடும், வெறும் கையோடும், பல் அடிக்கிற பயத்தோடும்தான் போய் நின்றேன். அவர் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. இன்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற யாராவது எதற்காவது பயந்துபோய் வீட்டுக்குள் இருந்தால், பயம் போகட்டும், பிறகு போவோம் என்று காத்திருக்காதீர்கள். பயந்துகொண்டே வாருங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். எனக்கும் பயம்தான்.